ஓட்டக்கூடாத காரை வாங்குகிறவர்கள்



2009 ஜனவரி மாதம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஸ்காட்ஸ்டேல் என்று ஓர் ஊர். பேரட்-ஜாக்சன் என்ற நிறுவனம் ஆண்டுதோறும் அங்கே பெரிய கார் ஏலம் நடத்தும். அந்த வருஷ ஏலத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் தன் சேமிப்பிலிருந்து சுமார் 200 வண்டிகளை அனுப்பியிருந்தது. கம்பெனி அப்போது மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரம். ஜூன் மாதம் திவால் மனுவே போட்டுவிட்டது. வீட்டில் கஷ்டம் வந்தால் பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரம் முதலில் கடைக்குப் போகும் இல்லையா, அந்த மாதிரி.

அந்த வண்டிகளில் பல, கடைக்கு வந்த கார்களே இல்லை. கண்காட்சி மேடைக்காகச் செய்தவை சில. ஒரு மாடல் உற்பத்திக்கு வருமுன் சோதனைக்காகக் கையால் கோத்தவை சில. ஏலப் பட்டியலில் இவற்றின் படத்துக்குக் கீழே ஒரு வாசகம் இருந்தது: இது ஸ்கிராப் டைட்டிலில் விற்கப்படுகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஆர்.சி. புக் கிடையாது, இனி கிடைக்கவும் கிடைக்காது. சட்டத்தின் கண்ணுக்கு அது பழைய இரும்பு. பளபளவென்று பெயின்ட், நாலு சக்கரம், சாவி போட்டால் உறுமும் எஞ்சின், எல்லாம் இருந்தாலும் பழைய இரும்புதான்.

அதைப் படித்துவிட்டுத்தான் ஆட்கள் கை தூக்கினார்கள். ஏன் தூக்கினார்கள் என்பதும், தூக்கியது சரியா என்பதும்தான் இன்றைய பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளை ரோட்டில் விடாதே என்று சட்டம் சொல்வது சரி. ஆனால் அவற்றை நசுக்கித் தள்ளும் கம்பெனிகள் செய்வது சரியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் காசைக் கொட்டி ஒரு வண்டியை வாங்கி ஷெட்டில் நிறுத்துகிறானே, அவனைப் பைத்தியக்காரன் என்று ஊர் சொல்கிறது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

முதலில் புரோட்டோடைப் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் அந்தப் பெயரில் பல சாதிகள் உண்டு. புது எஞ்சினைப் பழைய மாடலின் உடம்புக்குள் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள்; அதற்கு டெஸ்ட் மியூல் என்று பெயர். கண்காட்சியில் சுழலும் மேடையில் நிற்கும் கான்செப்ட் கார் வேறு. அதில் பலவற்றுக்கு எஞ்சினே இருக்காது, இருந்தாலும் மேடையில் ஏறி இறங்குவதற்கு மட்டும் போதுமான எஞ்சின். கடைசி ரகம் ப்ரீ-புரொடக்‌ஷன். உற்பத்தி வரிசை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் செய்யும் முன்னோடி வண்டிகள். தூரத்திலிருந்து பார்த்தால் கடையில் விற்கும் காருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

கிட்டே போய் பானெட்டைத் தூக்கினால் தெரியும். பாகங்களின் மேல் மார்க்கரால் கைப்பட எழுதிய எண்களும் தேதிகளும் இருக்கும். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு சொரசொரப்பாக, கடைசி அச்சு வருமுன் தற்காலிக அச்சில் வார்த்தது என்று விரலுக்கே தெரியும்படி இருக்கும். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு அவசர ஸ்விட்ச் இருக்கலாம். எஞ்சின் பேச்சைக் கேட்காவிட்டால் மொத்தக் கரண்டையும் அறுப்பதற்கு. கார்ப்பெட்டைத் தூக்கினால், எங்கோ போய் எதிலும் சேராமல் வெட்டப்பட்ட வயர் கட்டு. அளவெடுக்கும் கருவிகளைக் கழற்றிய தடம் அது. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூடி மட்டும் இருந்தாலும் ஆச்சரியமில்லை. கண்ட்ரோல் யூனிட்டில் இருப்பது முடிவுறாத மென்பொருள். எந்த சர்வீஸ் சென்டரின் ஸ்கேனரும் அதோடு பேசாது.

இப்போது சொல்லுங்கள், இதை ஈ.சி.ஆர். ரோட்டில் உங்கள் பிள்ளை சைக்கிளில் போகும்போது பக்கத்தில் ஓட்ட விடுவீர்களா?

சட்டம் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. அமெரிக்காவில் ஒரு கார் மத்திய அரசின் பாதுகாப்புத் தரங்களுக்கு உட்பட்டது என்று தயாரித்த கம்பெனியே உறுதி சொல்லி, டிரைவர் கதவின் ஓரத்தில் ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். புகைக்குத் தனிச் சான்று, அது சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. 1981 மாடல்களிலிருந்து 17 எழுத்துகள் கொண்ட ஒரே சீரான அடையாள எண். இவை இருந்தால்தான் மாநில அரசு நம்பர் பிளேட் கொடுக்கும். புரோட்டோடைப்புக்கு இவற்றில் ஒன்றோ, எல்லாமுமோ இருக்காது. கம்பெனி கையில் இருக்கும்வரை கம்பெனிக்கான சிறப்பு பிளேட்டில் ஓடும். கை மாறினால் அந்தச் சலுகை போச்சு.

நம் ஊரிலும் இதே கதைதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளைச் சுழிகள் அச்சடித்த ஸ்டிக்கரை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு, சிவப்பு பிளேட்டில் வெள்ளை எழுத்தோடு ஒரு கார் போகும். பைக் பையன்கள் போன் எடுத்துத் துரத்துவார்கள். அந்தச் சிவப்பு பிளேட் கம்பெனிக்குக் கொடுத்த டிரேட் சர்டிபிகேட்டின் அடையாளம். காருக்குக் கொடுத்தது அன்று. புதுக் கார் வாங்கினால் டீலர் ஃபார்ம் 20, ஃபார்ம் 21, ஃபார்ம் 22 என்று காகிதக் கட்டு கொண்டுவருவாரே, அதில் 22 என்பது தயாரித்தவர் தரும் உறுதிமொழி: இந்த வண்டி புகை, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது, சாலைக்குத் தகுதியானது. எந்தக் கம்பெனியும் புரோட்டோடைப்புக்கு ஃபார்ம் 22 எழுதித் தராது. அந்தக் காகிதம் இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க நின்றாலும் வேலை நடக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126ஆம் விதி, ஒவ்வொரு வாகனத்தின் புரோட்டோடைப்பும் சோதிக்கப்பட வேண்டும் என்கிறது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்புகள் அதைச் செய்கின்றன. ஒரகடத்திலும் அதற்கான சோதனை மையம் இருக்கிறது. மாதிரி வண்டி எல்லாச் சோதனைகளையும் தாங்கித் தேறும். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு பின்னால் பிறந்த லட்சம் வண்டிகள் ரோட்டுக்குப் போகும். தேர்வு எழுதிப் பாஸ் செய்தது மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது.

சரி, வாசலைத் தாண்டாத வண்டிகள் என்ன ஆகும்? பெரும்பாலும் நசுங்கும்.

கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் 1953லிருந்து வருகிறது. 1983 மாடல் கார்வெட் மட்டும் கடைக்கு வரவே இல்லை. நாலாம் தலைமுறை கார் தயாராகத் தாமதமாகி, நேராக 1984 மாடல் என்றே விற்றார்கள். அதற்குள் 1983 எண்ணோடு 43 வண்டிகள் கட்டியிருந்தார்கள். சோதனைக்குப் பயன்படுத்தினார்கள், அப்புறம் நசுக்கினார்கள். ஒன்று மட்டும் தப்பியது. வெள்ளை நிறம். இன்று கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனில் உள்ள கார்வெட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கார்வெட் வரலாற்றில் அந்த ஒரு வருஷத்துக்குச் சாட்சி சொல்ல இருப்பது அது மட்டுமே.

ஏன் நசுக்குகிறார்கள்? கணக்கு எளிது. சோதனை முடிந்த கார் கம்பெனிக்குச் சுமை. அதை விற்று, வாங்கியவன் ஓட்டி, பிரேக் பிடிக்காமல் போனால் வழக்கு கம்பெனி மேல். அமெரிக்க நீதிமன்றங்களில் அந்த நஷ்டஈட்டுத் தொகைகள் கம்பெனிகளின் தூக்கத்தைக் கெடுப்பவை. வக்கீல்கள் சொல்வார்கள்: நசுக்கிவிடு. இந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் பயம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒலிம்பியா கல்லூரியைப் பார்க்கலாம்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியா என்ற ஊரில் சவுத் பியூஜெட் சவுண்ட் கம்யூனிட்டி கல்லூரி. அங்கே ஆட்டோமொபைல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று கிரைஸ்லர் கம்பெனி ஒரு டாட்ஜ் வைப்பர் காரைக் கொடுத்திருந்தது. 1992 மாடல், ப்ரீ-புரொடக்‌ஷன் ரகம், முதலில் பிறந்தவற்றில் ஒன்று. இதே மாதிரி பல பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வைப்பர்கள் போயிருந்தன. 2014 மார்ச்சில் கம்பெனியிடமிருந்து உத்தரவு வந்தது: எல்லாவற்றையும் நசுக்குங்கள். மொத்தம் 93 வண்டிகள் என்று செய்தி. கல்விக்குக் கொடுத்த இரண்டு வண்டிகள் எப்படியோ ரோட்டுக்குப் போய் விபத்தில் சிக்கின, அதனால்தான் இந்த உத்தரவு என்று கல்லூரித் தரப்பில் பேச்சு. கம்பெனி அதை மறுத்தது. இவற்றால் இனிமேல் மாணவர்களுக்குக் கல்விப் பயன் இல்லை, பயன் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது கொடுத்தபோதே போட்ட ஒப்பந்தம் என்றது.

ஒப்பந்தப்படி கம்பெனி சொன்னது சரியாகவே இருக்கட்டும். கல்விப் பயன் இல்லை என்ற வாதத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பத்து சிலிண்டர் எஞ்சினோடு ஒரு கம்பெனி தன் பெயரையே புதுப்பித்துக்கொண்ட கார் அது. அதன் முதல் பிரதிகளில் எது கையால் செய்யப்பட்டது, எது பிறகு மாறியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட ஒரு மெக்கானிக் மாணவனுக்கு வேறென்ன பாடம் வேண்டும்? எஞ்சினுக்கு எண்ணெய் போகும் வழியை அடைத்துவிட்டு, டிரான்ஸ்மிஷனைக் கழற்றிவிட்டு, உடம்பை மட்டும் விட்டிருக்கலாம். பயத்துக்கு மருந்து அதுவே போதும்.

ஜெனரல் மோட்டார்ஸ் இந்த மருந்தை ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறது. ஈ.வி.1 என்ற மின்சாரக் கார், 1996லிருந்து குத்தகைக்கு மட்டும் கொடுத்தார்கள். மொத்தம் 1,117 வண்டிகள். திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டு, சிலவற்றை அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இயக்க அமைப்பை முடக்கி, ரோட்டில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது முழுமையான வண்டி. நசுக்கியதைப் பற்றி 2006ல் ஓர் ஆவணப்படமே வந்து கம்பெனியின் மானம் கப்பலேறியது வேறு கதை. கொடுத்த சிலதாவது இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன.

இனி வாங்குகிறவர்கள் பக்கம் வருவோம். காசு இருந்தால் எதையும் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கதை. புரோட்டோடைப் கதை இல்லை இது. ஆனாலும் ஓட்டக்கூடாத கார் என்ற விஷயத்தில் இதைவிடப் பெரிய வழக்கு கிடையாது.

போர்ஷே 959. 1986 வாக்கில் வந்தது. இரண்டு டர்போ, 450 குதிரைத் திறன், நான்கு சக்கரத்துக்கும் கணினி பிரித்துக் கொடுக்கும் விசை, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம். அன்றைக்கு உலகத்தில் ஓடிய கார்களிலேயே தொழில்நுட்பத்தில் முன்னால் நின்றது. செய்ததே சில நூறு வண்டிகள். மைக்ரோசாஃப்ட் அதிபர் பில் கேட்ஸ் ஒன்று வாங்கினார். அவர் கூட்டாளி பால் ஆலனும் ஒன்று வாங்கினார். கப்பலில் கேட்ஸின் வண்டி அமெரிக்கா வந்தது. சுங்க இலாகா பிடித்து வைத்துக்கொண்டது.

காரணம் என்னவென்றால், அந்த மாடல் அமெரிக்க மோதல் சோதனையில் தேறவில்லை. தேறவில்லை என்றால் தோற்றது என்று அர்த்தமில்லை, சோதனைக்கே போகவில்லை. சோதனைக்கு நாலு வண்டியைக் கொடுங்கள், சுவரில் மோதிப் பார்க்கிறோம் என்றது அரசு. ஒவ்வொரு வண்டியையும் கையை விட்டுக் காசு போட்டுச் செய்துகொண்டிருந்த போர்ஷே, நாலு 959ஐச் சுவரில் மோத முடியாது என்றது. அவ்வளவுதான். உலகப் பணக்காரர் பட்டியலில் முதல் பெயராக இருந்த மனிதரின் கார் துறைமுகக் கிடங்கில் பதின்மூன்று வருஷம் தூங்கியது.

நம் ஊரில் இப்படி ஒரு ஆளின் கார் சிக்கினால் என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது, அதை விடுங்கள். அங்கே நடந்தது சட்டத் திருத்தம். சேகரிப்பாளர்களும் வக்கீல்களும் பல வருஷம் அலைந்து, 1998ல் போக்குவரத்து மசோதா ஒன்றோடு ஒட்டி, கிளின்டன் கையெழுத்தில் நிறைவேறியது. விதிகள் 1999 ஆகஸ்டில் வந்தன. ஷோ ஆர் டிஸ்ப்ளே என்று அதற்குப் பெயர். தொழில்நுட்பத்திலோ வரலாற்றிலோ முக்கியமான கார், பொதுவாக 500க்கு மேல் செய்யாத கார் என்றால், மோதல் சோதனை இல்லாமலே இறக்குமதி செய்யலாம். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைத்தாலும் வருஷத்துக்கு 2,500 மைல்தான், அதாவது சுமார் 4,000 கிலோமீட்டர். புகை விதி அப்படியே இருக்கும். அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டும்.

இந்த விதியில் எனக்கு மதிப்பு உண்டு. பணக்காரருக்காக வளைந்த சட்டம் என்று இதைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை. ஆனால் விதியின் அமைப்பைப் பாருங்கள். தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாத அளவுக்கு மைலைக் குறைத்து, கண்காட்சிக்குப் போய்வரும் அளவுக்கு மட்டும் விட்டது. ஆபத்தைப் பாதுகாப்பு என்று பொய்யாக எழுதவில்லை. ஆபத்தின் அளவைக் குறைத்தது. பொருளைக் காப்பதும் சாலையைக் காப்பதும் சேர்ந்தே முடியும் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட இடம் அது.

அமெரிக்காவில் பிறந்த புரோட்டோடைப்புக்கு அந்த விதி உதவாது, அது இறக்குமதிக்கானது. அங்கே உதவியது பெரும்பாலும் யாரோ ஒருவரின் கீழ்ப்படியாமை.

1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் மோட்டராமா என்ற பெயரில் ஊர் ஊராகக் கண்காட்சி நடத்தியது. ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்புத் தலைவர், எதிர்காலத்துக் கார்கள் என்று ஃபைபர்கிளாஸில் கனவுகளாகச் செய்து நிறுத்துவார். கண்காட்சி முடிந்தால் அழித்துவிட உத்தரவு. டெட்ராய்ட் நகரத்துக்கு வடக்கே வார்ஹூப்ஸ் என்ற காயலாங்கடைக்கு அவற்றில் நாலு வந்தன: இரண்டு லாசால், ஒரு செவ்ரொலே பிஸ்கேன், ஒரு காடிலாக் டவுன் கார். வெட்டிப் போட வேண்டும் என்பது கட்டளை. கடைக்காரர் முழு மனதோடு செய்யவில்லை. பிஸ்கேனை வெட்டினார், ஆனால் துண்டுகளை வைத்துக்கொண்டார். மற்றவற்றையும் மூலையில் போட்டுவைத்தார். முப்பது வருஷம் மழையிலும் பனியிலும் கிடந்தன.

1980களின் கடைசியில் சிகாகோ பக்கத்துச் சேகரிப்பாளர் ஜோ போர்ட்ஸ் அந்த நாலையும் விலைக்கு வாங்கினார். எதை வாங்கினார் என்று யோசித்துப் பாருங்கள். பதிவு எண் கிடையாது. ஓட்ட முடியாது. பிஸ்கேன் என்ற பெயரில் அவர் கைக்கு வந்தது ஃபைபர்கிளாஸ் துண்டுகளின் குவியல், சேசிஸ் இல்லை. பழைய போட்டோக்களை வைத்து அளவு எடுத்து, புதிதாக சேசிஸ் செய்து, துண்டுகளை ஒட்டி, பச்சை வண்ணம் பூசி, அது மறுபடி கண்காட்சிக்கு வர இருபது வருஷம் ஆனது.

லாபம் பார்க்க நினைக்கிறவன் இந்த வேலைக்கு வர மாட்டான். ஆனால் இன்று 1955ல் அமெரிக்கத் தொழில் எதைக் கனவு கண்டது என்று ஒரு மாணவன் கேட்டால், போட்டோவைக் காட்டாமல் பொருளைக் காட்ட முடிகிறது. கதவு எப்படித் திறந்தது, ஃபைபர்கிளாஸை எத்தனை தடிமனில் வார்த்தார்கள், கண்ணாடியை எப்படி வளைத்தார்கள் என்பதற்குப் போட்டோ பதில் சொல்லாது. கம்பெனி செய்ய வேண்டிய ஆவணக் காப்பக வேலையை ஒரு தனி மனிதரும் சொன்னபடி கேட்காத ஒரு காயலாங்கடைக்காரரும் செய்தார்கள். இருவரில் எனக்குக் கடைக்காரர் மேல்தான் மரியாதை அதிகம்.

விலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பத்திரிகைகள் அதையே பேசித் தீர்த்துவிட்டன. ஃபோர்டின் லிங்கன் ஃப்யூச்சுரா என்ற கான்செப்ட் கார், 1955ல் இத்தாலியின் கியா பட்டறையில் இரண்டரை லட்சம் டாலர் செலவில் செய்தது. பத்து வருஷம் கழித்து ஜார்ஜ் பேரிஸ் என்ற கார் அலங்காரக்காரர் கைக்கு ஒரு டாலருக்குப் போனது. அவர் அதை பேட்மேன் தொலைக்காட்சித் தொடருக்கான காராக மாற்றினார். 2013 ஏலத்தில் 46 லட்சம் டாலருக்கு விற்றது. இதைக் கேட்டுவிட்டு யாரும் முதலீட்டுக்கு ஓட வேண்டாம். அந்த விலை பேட்மேனுக்கு, ஃப்யூச்சுராவுக்கு இல்லை. 2011ல் இத்தாலியில், பண நெருக்கடியில் இருந்த பெர்ட்டோனே நிறுவனத்தின் ஆறு கான்செப்ட் கார்கள் ஏலம் போயின. லம்போர்கினி மார்சல் 15 லட்சம் யூரோவைத் தொட்டது. அதே நாளில் லான்சியா சிபிலோ ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. இரண்டுமே ஒரே ஒரு பிரதி உள்ள வண்டிகள்.

அந்த ஆறில் லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோவும் ஒன்று. 1970ல் செய்தது. தரையிலிருந்து கூரை வரை உயரமே 84 சென்டிமீட்டர். முன் கண்ணாடியைத் தூக்கி அதன் வழியாகத்தான் உள்ளே படுக்க வேண்டும். நுச்சியோ பெர்ட்டோனே லான்சியா அலுவலகத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போனபோது வாசலில் தடுப்புக் கட்டை இருந்தது. கட்டையைத் தூக்கச் சொல்லவில்லை. அதற்கு அடியிலேயே நுழைந்து போய்விட்டார். ரோட்டுக்கு ஆகாத காரை ரோட்டில் ஓட்டிய கதையைச் சொல்லிச் சிரிக்கலாம். லாரி டிரைவர் கண்ணுக்கு 84 சென்டிமீட்டர் தெரியுமா என்று நினைத்தால் சிரிப்பு நிற்கும்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இந்த அவையில் அப்படி யாரும் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் பழைய ஜீப், பழைய பைக் வாங்குகிறவர்களுக்கும் பொருந்தும்.

ஓட்டக் கூடாது என்பதும் ஓடாது என்பதும் வேறு. சொந்த நிலத்தில், வாடகைக்கு எடுத்த பந்தயத் தடத்தில் ஓட்டலாம். அமெரிக்காவில் அதற்குப் பதிவு கேட்பதில்லை. சொல்லப்போனால் அவ்வப்போது ஓட்டியே ஆக வேண்டும். நின்றே கிடந்தால் டயர் ஒரு பக்கம் தட்டையாகும், பெட்ரோல் பிசினாகும், ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும். ஒரே ஒரு பிரதியாகச் செய்த ஆயில் சீலுக்கு நீங்கள் எந்தக் கடையில் கேட்பீர்கள்? லேத் பட்டறைக்காரரைத்தான் சிநேகம் பிடிக்க வேண்டும்.

காரைப் பார்க்குமுன் காகிதத்தைப் பாருங்கள். கம்பெனியிலிருந்து எப்படி வெளியே வந்தது, கொடுத்தார்களா, விற்றார்களா, யாரோ தூக்கிக்கொண்டு போனார்களா? கம்பெனி திரும்பக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறதா? விற்பனை ரசீது மட்டுமா, ஸ்கிராப் டைட்டிலா? கம்பெனிகள் தவறவிட்டதும் உண்டு. 1964ல் ஃபோர்டின் முதல் மஸ்டாங், ஒன்றாம் எண் வண்டி, விற்பனைக்கு இல்லாத ப்ரீ-புரொடக்‌ஷன் கார், கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து தீவில் ஒரு விமானிக்குத் தவறுதலாக விற்கப்பட்டது. அவர் இரண்டு வருஷம் ஜாலியாக ஓட்டினார். ஃபோர்டு கெஞ்சிக் கேட்டு, வேறொரு புது மஸ்டாங்கைக் கொடுத்துத்தான் முதலாவதைத் திரும்ப வாங்கியது. எல்லாருக்கும் அந்த யோகம் அடிக்காது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். ரோட்டில் ஓட்டும் ஆசையில் வேறொரு செத்த வண்டியின் சேசிஸ் நம்பரை இதில் பஞ்ச் செய்வது நடக்கிறது, அங்கேயும் நடக்கிறது, இங்கேயும் நடக்கிறது. அது குற்றம். குற்றம் என்பதோடு, அந்த நம்பர் ஏறிய நிமிஷத்தில் நீங்கள் வாங்கிய அபூர்வப் பொருள் இறந்துவிட்டது. கையில் இருப்பது ஒரு திருட்டு வண்டி. சில அமெரிக்க மாநிலங்களில் வீட்டில் கட்டிய வாகனம் என்று பதிவு செய்ய வழி இருக்கிறது. இங்கிலாந்தில் ஒற்றை வண்டிக்குத் தனி அனுமதிச் சோதனை இருக்கிறது. நேர் வழி அது. ஆனால் தேறுவதற்காக விளக்கை மாற்றி, சீட்டை மாற்றி, கண்ணாடியை மாற்றினால், மார்க்கரால் எழுதிய அந்த எண்களும் தேதிகளும் ஒவ்வொன்றாகப் போகும். எதற்காக வாங்கினீர்களோ அதைக் கழற்றி வீசி எதற்காக ஓட்டுகிறீர்கள்?

கடைசியாக நம் ஊர் விஷயம். ஜி.டி. நாயுடு அவர்கள் 1952ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார், 2,000 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்றார், அரசின் உரிமம் கிடைக்காமல் உற்பத்தி நின்றது என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. அந்த 2,000 ரூபாயை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கைதட்டுகிறோம். எஞ்சினை எங்கே வைத்தார், எடையை எப்படிக் குறைத்தார், அந்த விலைக்கு எதை விட்டுக்கொடுத்தார் என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. கோவை அவினாசி ரோட்டில் அவர் குடும்பத்தார் நடத்தும் கார் அருங்காட்சியகத்துக்குப் போகாத மாணவர்கள் போய்வாருங்கள். பழைய கார்களின் உள்ளுறுப்பை அங்கே கிட்டே பார்க்கலாம்.

இந்த அவையில் சென்னை, ஓசூர், கோவைத் தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் யார்டில் சோதனை முடிந்த வண்டிகளின் ஸ்கிராப் லிஸ்ட் கையெழுத்துக்கு வரும்போது, ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த வண்டியின் எஞ்சினை முடக்குங்கள், பிரேக்கைக் கழற்றுங்கள், ரோட்டில் ஏற்றக் கூடாது என்று கெட்டியாக எழுதி வாங்குங்கள். ஸ்டிக்கரையும் மார்க்கர் எழுத்தையும் மட்டும் துடைக்காமல், சோதனைக் குறிப்புகளின் ஒரு பிரதியோடு ஏதாவதொரு பாலிடெக்னிக்குக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் வேறு எந்த நிபந்தனை வேண்டுமானாலும் போடுங்கள். நாங்கள் சொன்னால் நசுக்க வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.